சுத்தாத சக்கரம் கிளறின மண்ணு

எல்லாருக்கும் வணக்கம். செவ்வாய் கிரகத்துல ஓடின ரோவர்களை, அதாவது ஆள் இல்லாம ஓடற ஆராய்ச்சி வண்டிகளைப் பத்தி பேசச் சொன்னாங்க. ராக்கெட் கிளம்புறது, பாராசூட் விரியறது எல்லாம் நீங்க வீடியோவுல பாத்திருப்பீங்க, அதனால இன்னைக்கு நான் சக்கரத்தைப் பத்தி மட்டும் பேசிட்டுப் போறேன்.

ஆனா செவ்வாய்க்கு முதல்ல போன வண்டிக்கு சக்கரமே கிடையாது. 1971 டிசம்பர்ல சோவியத் யூனியனோட மார்ஸ் 3ங்கற லேண்டர், அதாவது தரையிறங்கற கலம், இறங்குச்சு, அதுக்குள்ள ஏறக்குறைய நாலரை கிலோவுல ஒரு குட்டி வண்டி, பேரு ப்ராப்-எம். அங்க தரை எப்படி இருக்கும்னு அப்ப யாருக்குமே சரியா தெரியாது, அதனால பனிச்சறுக்குக் கட்டை மாதிரி ரெண்டு கால் வச்சு, 15 மீட்டர் கேபிள்ல லேண்டரோட கட்டி அனுப்பினாங்க. முன்னாடி ரெண்டு கம்பி இருக்கும், கல்லு தட்டுச்சுன்னா தானாவே பின்வாங்கி வேற பக்கம் திரும்பிக்கணும். அந்தக் காலத்துலயே என்னமா யோசிச்சிருக்காங்க! ஆனா இறங்கின கொஞ்ச நேரத்துல லேண்டர்கிட்ட இருந்து சிக்னல் நின்னு போச்சு, வண்டியைப் பத்தி ஒரு தகவலும் வரல.

அப்புறம் கால் நூற்றாண்டு எதுவும் ஓடல. 1997 ஜூலை 4ல அமெரிக்காவோட சோஜர்னர் ரோவர் வந்துச்சு, பத்தரை கிலோ, ஆறு சக்கரம், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம். 7 நாள் ஓடினா போதும்னு அனுப்பினது 83 செவ்வாய் நாள் ஓடுச்சு. ஆனா மொத்தமா போன தூரம் 100 மீட்டர் சொச்சம்தான்.

ஏன் இவ்ளோ மெதுவான்னு கேப்பீங்க. பூமியில இருந்து சிக்னல் அங்க போய்ச் சேரவே 3 நிமிஷத்துல இருந்து 22 நிமிஷம் வரைக்கும் ஆகும், அதனால ஸ்டியரிங் புடிச்சு ஓட்டற மாதிரி ஓட்ட முடியாது, நேத்து வந்த போட்டோவை வச்சு எந்தக் கல்லு எங்க இருக்குன்னு அளந்து, இன்னைக்கு இத்தனை மீட்டர் போ, இப்படித் திரும்புன்னு மொத்தமா எழுதி அனுப்பணும். அங்க ஒரு நாள் நம்ம நாளை விட கிட்டத்தட்ட 40 நிமிஷம் ஜாஸ்தி, அதனால இறங்கின புதுசுல டீம்ல இருக்கறவங்க ஷிப்டும் தினமும் 40 நிமிஷம் தள்ளிப் போய்க்கிட்டே இருக்கும், தூக்கமே மாறிடும்.

இப்ப 2004க்கு வருவோம். ஜனவரியில ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டின்னு ரெட்டை ரோவர் இறங்குச்சு, ஆளுக்கு 90 செவ்வாய் நாள்தான் கணக்கு. ஆப்பர்ச்சுனிட்டி 2018 வரைக்கும் 45 கிலோமீட்டர் ஓடினது எல்லாருக்கும் தெரியும். ஆனா என் மனசுல நிக்கறது ஸ்பிரிட்தான்.

2006 மார்ச்ல ஸ்பிரிட்டோட வலது முன் சக்கரம் சுத்தறது நின்னு போச்சு. சரி, பின்பக்கமா ஓட்டுவோம், அந்தச் சக்கரம் பின்னாடி இழுபட்டு வரட்டும்னு முடிவு பண்ணாங்க. ஏர்ல கட்டின கொழு மாதிரி அது போற வழியெல்லாம் மண்ணைக் கீறிக்கிட்டே வந்துச்சு. 2007ல ஒரு நாள் அப்படிக் கீறின தடத்துல பளிச்சுன்னு வெள்ளை மண்ணு. சோதிச்சுப் பாத்தா கிட்டத்தட்ட 90 சதவீதம் சிலிக்கா, அதாவது கண்ணாடி செய்யற பொருள்! வெந்நீர் ஊற்றோ நீராவி கிளம்பற இடமோ இருந்தாத்தான் அவ்ளோ சுத்தமா சேரும். ஒரு காலத்துல அங்க சூடும் தண்ணியும் சேர்ந்து இருந்திருக்கு, உயிர் வாழ ஏத்த இடமா இருந்திருக்கலாம். ஆறு சக்கரமும் நல்லா சுத்தியிருந்தா அந்த மண்ணு மேல உருண்டு தாண்டிப் போயிருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

2009ல தரையோட மேல் ஓடு உடைஞ்சு, அடியில இருந்த பொலபொலன்னு மண்ணுக்குள்ள ஸ்பிரிட் சிக்கிக்கிச்சு. இங்க லேப்ல அதே மாதிரி மண்ணு கொட்டி, அதே மாதிரி ரோவரைப் புதைச்சு, எப்படி வெளிய எடுக்கலாம்னு மாசக்கணக்கா பாத்தாங்க, முடியல. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் வடக்குப் பாத்த சரிவுல ஏறி, சோலார் பேனலை வெயில் பக்கம் சாய்ச்சு வச்சுத்தான் தாக்குப் புடிச்சுது, சிக்கினப்புறம் அது முடியல. 2010 மார்ச் 22தான் கடைசியா பேசினது. சீனாவோட ஜூரோங்குக்கும் இதே மாதிரிதான், 2021ல இறங்கி ஒரு வருஷம் நல்லா ஓடிட்டு குளிருக்குத் தூங்கப் போச்சு, எழுந்திரிக்கவே இல்ல.

2012ல வந்த கியூரியாசிட்டிக்கு சோலார் கவலை இல்ல, புளூட்டோனியத்தோட சூட்டுல கரண்ட் எடுக்கற வண்டி. ஆனா 900 கிலோ எடைக்கு அலுமினியச் சக்கரத்தோட தோல் முக்கால் மில்லிமீட்டர்தான்! அடுத்த வருஷமே காத்து அறுத்துக் கூராக்கின கல்லு குத்தி ஓட்டை விழ ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் வழியை மாத்தி, பின்பக்கமா ஓட்டி, சக்கரத்தோட வேகத்தைத் தனித்தனியா சரி பண்ற சாப்ட்வேர் எழுதின்னு எவ்ளோ பாடுபட்டாங்க தெரியுமா. அதனாலதான் 2021ல இறங்கின பெர்சிவரன்ஸுக்கு தோல் தடிமனா, தரையைப் புடிக்கற பட்டை 24க்கு பதிலா 48ன்னு சக்கரத்தையே மாத்திட்டாங்க.

நேரம் ஆயிடுச்சு. இப்ப ஸ்பிரிட் கீறின அந்த வெள்ளை மண்ணு போட்டோவை ஸ்க்ரீன்ல போடறேன், பாத்துட்டு கேள்வி கேளுங்க.