ஏழாம் மாடிக் கதவு: ‘சமூகத்துக்கே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த ஞாயிறு மாலையில் பேரப்பிள்ளைகளோடும் சக்கர நாற்காலிகளோடும் இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம். முதுமை மறதி நோய் உள்ளோரைப் பேணும் பெரும்பொறுப்பு குடும்பத்துக்கா, சமூகத்துக்கா என்ற தலைப்பில், சமூகத்துக்கே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். நள்ளிரவில் தாய்க்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கச் சமூகம் வராது, பெற்ற பிள்ளைதான் எழுந்து வரவேண்டும் என்றார். 1995ஆம் ஆண்டில் நம் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெற்றோர் பராமரிப்புச் சட்டமே பொறுப்பைப் பிள்ளைகளிடம்தான் ஒப்படைக்கிறது என்றும் சொன்னார். முதல் வாதத்தை நான் மறுக்கவில்லை. அப்படி இரவெல்லாம் எழுந்த பிள்ளைதான் நானும். இரண்டாவது வாதத்துக்கு ஒரே பதில்தான்: அந்தச் சட்டம் பிள்ளையிடம் கேட்பது பராமரிப்புத் தொகையை. தொகை வந்து சேர்ந்த பிறகு அந்தத் தாய் நாளெல்லாம் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று சட்டத்தால் கேட்க முடியாது.

என் தாயாருக்கு அறிகுறிகள் தென்படத் தொடங்கியபோது, குடும்பமாக நாங்கள் செய்த முதல் காரியம் அதை மறைத்ததுதான். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அழைத்துப்போவதை நிறுத்தினோம். அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கும்போது தம் நட்சத்திரத்தையே மாற்றிச் சொல்லிவிடுவாரோ என்ற கூச்சம் எங்களுக்கு. உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு நாங்கள் மட்டும் போய், அம்மாவுக்குக் கால்வலி என்று சொல்லிவிட்டு வந்தோம். நாலு பேர் நாலு விதமாகப் பேசிவிடக் கூடாது, அம்மாவின் மரியாதை குறைந்துவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் இதையெல்லாம் செய்தோம்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய 14 அபாயக் காரணிகளை அடையாளம் காட்டி, அவற்றை முற்றாகக் களைய முடிந்தால் உலகில் ஏற்படும் முதுமை மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று மதிப்பிடுகிறது. இது மக்கள்தொகை அளவிலான கணக்கு; தனியொருவருக்கு உத்தரவாதம் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கவனிக்கப்படாத செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு ஆகியவற்றோடு காற்று மாசும், இளமையில் கிடைக்காத கல்வியும், சமூகத் தனிமையும் அதில் இருக்கின்றன. காற்றைத் தூய்மையாக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? சமூகத் தனிமை என்ற அந்தக் காரணியையோ, நாங்கள் அன்பின் பெயரால் எங்கள் கையாலேயே அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீடு ஒன்பதாம் மாடியில். ஒரு பிற்பகலில் பணிப்பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கீழே இறங்கிப்போன அம்மா, திரும்பும்போது மின்தூக்கியில் ஏழாம் எண்ணை அழுத்திவிட்டார். வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்குகளில் தளத்துக்குத் தளம் நடைபாதை ஒன்றுபோலவே இருக்கும். அதே இரும்புக் கதவு, அதே மூலை. ஏழாம் மாடி வீட்டின் பூட்டில் எங்கள் வீட்டுச் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டே நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு சீன மூதாட்டி கதவைத் திறந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. ஆனால் அந்தத் தலைமுறையினருக்கே உரிய கடைத்தெரு மலாய் இருவருக்கும் தெரியும். “இனி ருமா சாயா”, இது என் வீடு, என்று அம்மா அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்த மூதாட்டி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. “மாரி, டுடுக் டுலு”, வாருங்கள், முதலில் உட்காருங்கள், என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, சாவிக்கொத்தில் நான் எழுதி ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

மறதி உள்ளவரை அந்த நேரத்தில் திருத்தாமல், முதலில் அவர் பதற்றத்தைத் தணிப்பது பராமரிப்பாளர் பயிற்சியில் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். பல மாதங்களுக்குப் பிறகே நான் அதைக் கற்றேன். அதுவரை, “அப்பா இறந்து பத்து வருசம் ஆச்சும்மா” என்று நாள்தோறும் அவரைத் திருத்தித் திருத்தி, நாள்தோறும் புதிதாக அழவைத்தவன் நான். பாசத்தில் எனக்குக் குறையில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஏனென்றால், கேட்டால் வெளியே தெரிந்துவிடும் என்று நான் எவரிடமும் கேட்கவில்லை.

அந்த மலாய்ப் பேச்சைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஹைதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மொழி பேசியவர்களைவிட ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது தெரியவந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. இரண்டாம் மொழி என்பது நான்கு சுவருக்குள் விளைவதில்லை. அம்மாவுக்கு அது சந்தையிலும் அக்கம்பக்கத்திலும் வாய்த்தது.

இனி நம் நாட்டுக் கணக்குக்கு வருகிறேன். மனநலக் கழகம் தலைமையேற்று நடத்திய முதியோர் நல ஆய்வின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் முதுமை மறதி நோய் உள்ளோரின் விகிதம் 2013இல் 10 விழுக்காடாக இருந்து, பத்தாண்டுகளுக்குப் பிறகு 8.8 விழுக்காடானது. நோய் இருந்தும் உரிய சிகிச்சைக்கு வராதோர் 70.6 விழுக்காட்டிலிருந்து 51.5 விழுக்காட்டுக்குக் குறைந்தனர். இந்த முன்னேற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனாலும் நோயுள்ளவர்களில் பாதிப்பேர் இன்னும் எந்த மருத்துவரின் கண்ணிலும் படாமல் இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? குடும்பங்களுக்குள்தான் இருக்கிறார்கள், நடுவர் அவர்களே. “வயசானா மறதி வரத்தான் செய்யும்” என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறார்கள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், முதியவரை வெளியாரிடம் விடுவது கைவிடுவதற்குச் சமம் என்று கண்கலங்கச் சொன்னார். அவர் கண்ணீரை மதிக்கிறேன். கருத்தை ஏற்க முடியவில்லை. பின்லாந்தில், மறதி அபாயம் கூடுதலாக இருந்த 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரை ஈராண்டுகள் பின்தொடர்ந்து, 2015இல் வெளியான ஃபிங்கர் ஆய்வில் ஒரு குழுவினர் உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றைச் சேர்த்து மேற்கொண்டனர். பொதுவான ஆலோசனை மட்டும் பெற்ற குழுவைவிட இவர்கள் சிந்தனைத் திறன் சோதனைகளில் கூடுதலாக முன்னேறினர். நோயே வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதே வழியில் சிங்கர் என்ற பெயரில் சிங்கப்பூரிலும் ஆய்வு தொடங்கப்பட்டது. இந்த நான்கையும் வாரம் தவறாமல் நடத்த, காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும் மகனாலும் மருமகளாலும் ஆகுமா? புளோக்கின் கீழேயே இருக்கும், முதியவர்கள் பகலில் கூடும் துடிப்பான மூப்படைதல் நிலையத்தால் ஆகும். அம்மாவை அங்கே அனுப்பத் தொடங்கிய பிறகு, மாலையில் அவர் எங்களிடம் சொல்ல ஏதாவது ஒரு செய்தியோடு வீடு திரும்பினார். பெயர்கள் மாறியிருக்கும், ஆனால் செய்தி இருக்கும்.

நம் நாட்டின் கெபுன் பாரு வட்டாரத்தில் சில புளோக்குகளின் சுவர்களில், முதியவர்கள் தங்கள் புளோக்கை அடையாளம் கண்டுகொள்வதற்காகவே, பழைய நாள் பொருள்களைப் பளிச்சென்ற நிறங்களில் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். வழி தவறியவரை அழைத்துப்போய் விட எம்ஆர்டி ரயில் நிலையங்கள் உள்ளிட்ட பல இடங்கள் உதவி மையங்களாக இயங்குகின்றன. எந்தக் குடும்பத்தாலும் தனியாக ஒரு சுவருக்குக்கூட இப்படி வண்ணம் பூச முடியாது.

அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் மின்தூக்கியில் அந்த ஏழாம் மாடி மூதாட்டியைப் பார்த்தேன். எந்தத் தளம் என்று கேட்டேன். பொத்தான்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு என்னைப் பார்த்து, “சியாப்பா?” என்றார். யார் நீ என்கிறார். அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள். பகலெல்லாம் வேலையில் இருக்கிறார்கள். நான் அவர் இனமில்லை, மதமில்லை, உறவில்லை. ஏழாம் எண்ணை அழுத்தி, அவர் வீட்டு வாசல்வரை கூடவே போய், “டுடுக் டுலு” என்றேன்.

எதிரணியின் வாதப்படி அந்த வாசலில் எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை. உண்டா, இல்லையா என்பதற்கே தங்கள் தீர்ப்பை வேண்டி அமர்கிறேன், நடுவர் அவர்களே.