இழுத்துக்கொள்ளும் இரண்டு குண்டுகள்

வணக்கம். பிளஸ் டூ இயற்பியல் படிப்பவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு ஒரே ஒரு கணக்குதான். உராய்வே இல்லாத தளத்தில் இரண்டு சின்னக் குண்டுகள். ஒன்று 1 கிராம், அதில் பிளஸ் 1 மைக்ரோகூலூம் மின்னூட்டம். இன்னொன்று 8 கிராம், அதில் மைனஸ் 1 மைக்ரோகூலூம். 1 மீட்டர் இடைவெளியில் வைத்துக் கையை எடுத்துவிடுகிறோம். இடைவெளி 10 சென்டிமீட்டர் ஆகும்போது எது என்ன வேகத்தில் போகும்?

விசையைக் கண்டுபிடித்து, முடுக்கம் எடுத்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து கூடவே வரும் இயக்கச் சமன்பாட்டில் போடத் தோன்றும். போடாதீர்கள். 1 மீட்டரில் 0.009 நியூட்டனாக இருக்கும் விசை 10 சென்டிமீட்டரில் 0.9 நியூட்டன், அதாவது நூறு மடங்கு, வழியெல்லாம் முடுக்கம் ஏறிக்கொண்டே போகிறது, அந்தச் சமன்பாடோ மாறாத முடுக்கத்துக்கு மட்டும்தான் செல்லும்.

ஆற்றலைப் பிடியுங்கள். நிலை ஆற்றல் முதலில் மைனஸ் 0.009 ஜூல், கடைசியில் மைனஸ் 0.09 ஜூல். குறைந்த 0.081 ஜூலும் இயக்க ஆற்றலாகிவிட்டது. சரி, யாருடைய இயக்க ஆற்றல்? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இதற்கு ஒரு 0.081, அதற்கு இன்னொரு 0.081 என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஆளுக்குப் பாதி என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்த ஆற்றல் தனி ஒரு குண்டுடையது அல்ல, ஜோடிக்குச் சொந்தம், ஒரு முறைதான் எண்ண வேண்டும்.

பங்கு பிரிக்க உந்தம் வேண்டும். வெளிவிசை இல்லை, இரண்டும் முதலில் சும்மா நின்றன, ஆகவே மொத்த உந்தம் கடைசிவரை சுழி. அப்படியானால் சின்னதின் வேகம் பெரியதைப் போல 8 மடங்கு, இயக்க ஆற்றலும் 8 மடங்கு. ஒன்பதில் எட்டுப் பங்கு, 0.072 ஜூல், சின்னதுக்கு: நொடிக்கு 12 மீட்டர். பெரியதுக்கு 1.5 மீட்டர்.

இரண்டின் மீதும் ஒரே அளவு விசைதானே, சின்னதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு? அது நகர்ந்த தூரத்தைப் பாருங்கள். குறைந்த 90 சென்டிமீட்டரில் 80 சென்டிமீட்டர் சின்னது வந்தது, பெரியது 10தான். செய்யப்பட்ட வேலையும் அதே விகிதம். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஹைட்ரஜன் அணுவிலும் இதே கதை. புரோட்டான் எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 1836 மடங்கு கனம், அதனால் கொஞ்சூண்டுதான் அசைகிறது, ஆனாலும் அசைகிறது. அணுக்கரு இரண்டு மடங்கு கனமாகிவிட்டால் அந்த அசைவும் பாதியாகி, ஹைட்ரஜனின் சிவப்பு நிறமாலைக் கோடு சுமார் 0.18 நானோமீட்டர் தள்ளிப்போகும். இப்படி விலகி நின்ற கோடுகளை வைத்துத்தான் ஹெரால்டு யூரியும் கூட்டாளிகளும் 1931இல் டியூட்டீரியம் என்ற இந்தக் கனமான ஹைட்ரஜனைக் கண்டுபிடித்தார்கள், 1934இல் யூரிக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அப்புறம், ஒரு வீட்டுப்பாடம். இரண்டு குண்டும் 1 கிராம் என்று வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 9 மீட்டர் வர வேண்டும்.