தாம்பரம் சென்னையின் வால் அன்று

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவை நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். “தாம்பரம் சென்னையின் வாலா, தனித்த ஊரா?” என்பது தலைப்பு. தனித்த ஊரே என்று வாதாட வந்திருக்கிறது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், காலையில் மின்சார ரயிலேறிப் போய் இரவில் படுப்பதற்கு மட்டும் திரும்புகிறவர்கள் இருக்கும் இடத்தை ஊர் என்றே சொல்ல முடியாது என்றார்; 1931-இல் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே அந்த ரயில் ஓடத் தொடங்கியிராவிட்டால் இங்கே ஏரியும் வயலும்தான் இருந்திருக்கும் என்றும் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். கணக்கை 1931-இல்தான் தொடங்க வேண்டுமா? இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்ட பழங்கற்காலக் கருவியை ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தார். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. அது இன்று இஸ்லாமியர் வழிபடும் இடம். சென்னை நகரம் உருவாகக் காரணமான கோட்டையைக் கட்ட ஆங்கிலேயர் கடற்கரையில் நிலம் பெற்றதோ 1639-இல். யார் முந்தியவர் என்பதை நடுவர் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பழம்பெருமை மட்டும் ஓர் இடத்தை ஊராக்கிவிடாது என்று எதிரணி சொல்லுமானால், அதை நான் மறுக்கப் போவதில்லை. என் வாதம் வேறு. தன்னிடம் வைத்துக்கொள்ள மனமில்லாததையும் இடமில்லாததையும் சென்னை நகரம் தெற்கே அனுப்பிக்கொண்டே இருந்தது. வந்ததை ஏற்றுக்கொண்டு, அதைச் சுற்றித் தங்களுக்கென ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டவர்கள் இந்த மக்கள்.

காசநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் நல்ல காற்று, வெயில், ஓய்வு, ஊட்டமான உணவு இவைதான் சிகிச்சை. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திய டாக்டர் சௌரி முத்து, தாயகம் திரும்பி, 1928-இல் வெறும் 12 படுக்கைகளோடு தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. காசநோய் என்றால் சொந்த உறவே தனித் தட்டு வைத்துச் சோறு போட்ட நாட்களில், அந்த மருத்துவமனையின் பெயரையே தங்கள் ரயில் நிலையத்துக்கும் பேட்டைக்கும் வைத்துக்கொண்டு, ‘சானடோரியத்தில் இருக்கிறேன்’ என்று கூச்சமில்லாமல் விலாசம் சொன்னவர்கள் இவர்கள். பிறகு எய்ட்ஸ் வந்தது. பெயரைக் கேட்டாலே பலர் கதவைச் சாத்திக்கொண்ட 1990-களில், 1993 முதல் அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, நாட்டிலேயே பெரிய எய்ட்ஸ் சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்ததும் இதே மருத்துவமனைதான். படுக்க மட்டும் வருகிறவர்களின் இடமா இது?

ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் போன சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. அந்த மரங்களின் நிழலில் இன்றும் புள்ளிமான்கள் மேய்கின்றன. 1984-இல் சானடோரியத்தை ஒட்டி ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வந்தது. காலை எட்டரை மணிக்குச் சானடோரியம் நிலையத்தின் நடைமேடையில் போய் நில்லுங்கள். தோளில் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வேலைக்கு இறங்கி வருகிறவர்களின் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் நீங்கள் ரயிலேற முடியும். எதிரணி நண்பர்கள் ஒரு திசையில் போகும் ரயிலை மட்டும் பார்த்துவிட்டு வந்து பேசுகிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கும் அவர்கள் வரட்டும். மாட்டுச் சந்தையாக இருந்த அந்த இடத்தில் இன்று ரோஜாச் செடியும், கூண்டுப் பறவையும், பழைய மிக்சியின் ஜாரும், ஒற்றைச் சக்கரம் கழன்ற குழந்தை சைக்கிளும் ஒரே வரிசையில் விரித்து வைக்கப்பட்டிருக்கும். தியாகராய நகரில் கிடைக்காத பொருளைத் தேடி நகரத்துக்காரர்களே அங்கு வருகிறார்கள்.

எதிரணியில் பேசிய சகோதரி 2015 வெள்ளத்தைக் குறிப்பிட்டு, ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடத்துக்கு ஊர் என்ற பெயர் எதற்கு என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. மழை கொட்டியது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று நீர் வீடுகளுக்குள் புகுந்து, தெருக்களில் படகு விட வேண்டியதாயிற்று. நீர் போகும் வழியில் மனை விற்றவர்களையும் அதற்கு ஒப்புதல் தந்தவர்களையும் நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால், சகோதரி, இதே தாம்பரத்துச் சிட்லபாக்கத்துக்காரர்கள் தங்கள் ஏரியில் தாங்களே இறங்கிக் குப்பை அள்ளி, மனு மேல் மனு கொடுத்து, அரசு நிதி ஒதுக்கிச் சீரமைக்கும் வரை விடவில்லையே, அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? வாடகை குறைவு என்பதற்காக மட்டும் தங்கியவர் அடுத்த மழைக்கு முன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்; ஏரியில் இறங்க மாட்டார்.

நிறைவாக ஆவணத்துக்கே வருகிறேன். 2011-இல் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதும் தாம்பரமும் பல்லாவரமும் அதில் சேர்க்கப்படவில்லை. பத்தாண்டு கழித்து, 2021-இல், ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து, 70 வார்டுகளோடு தாம்பரம் தனி மாநகராட்சி ஆனது. வாலைத் தனி மாநகராட்சியாக்கி மேயரும் தேர்ந்தெடுத்ததாக எந்த ஊர்ச் சரித்திரத்தில் இருக்கிறது? போதாக்குறைக்கு, தென் மாவட்டப் பேருந்துகள் புறப்பட, தாம்பரத்துக்கும் தெற்கே 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தாயிற்று. எதிரணித் தலைவர் பொங்கலுக்குப் பேருந்தில் மதுரைக்குப் போவாரானால், மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதலில் தாம்பரத்தைத் தாண்டி வரட்டும். எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்பதை வழியில் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.