கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கஷ்டமான வேலை கொடுங்கள்

(சனசமூக நிலையமொன்றில் முன்பள்ளிப் பெற்றோருக்குப் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் பேசப்போகிற பிள்ளை உங்களுக்குத் தெரிந்த பிள்ளைதான். யாரும் இருத்திச் சொல்லிக்கொடுக்காமலே நாலு வயதில் பஸ் பலகை வாசிப்பான், 750 பருத்தித்துறை பஸ் இரண்டு அடுத்தடுத்து வந்தால் 1500 என்பான், ஏன் இந்தப் பனை காய்க்கிறதில்லை என்று கேட்டு, அது ஆண்பனை என்று நீங்கள் சொன்னால், அப்படியென்றால் மற்றப் பனைக்கு அது எப்படித் தெரியும் என்று அடுத்ததைக் கேட்பான். அதே பிள்ளைக்குச் சப்பாத்து நூல் கட்ட வராது. ரொட்டியை இரண்டாகப் பிய்த்துக் கொடுத்துவிட்டீர்கள் என்று, அதைத் திரும்ப முழுசாக்கச் சொல்லி விழுந்து புரண்டு அழுவான்.

இந்த இரண்டும் ஒரே பிள்ளைக்குள் இருக்கிறதுதான் பெரியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. பெருக்கல் தெரிந்த பிள்ளை ரொட்டிக்கு அழலாமா என்று கேட்கிறார்கள். அழலாம், அவனுக்கு வயது நாலு. மூளையில் ஒரு பக்கம் எட்டு வயதுக்கு ஓடுகிறது, விரல் நாலு வயதில் நிற்கிறது, மனம் சில நாளில் மூன்றுக்கும் இறங்கும். எழுத்து கோணலாக வருகிறதும் அதனால்தான், யோசனைக்குப் பென்சில் ஈடுகொடுக்காது. அதற்காக இரட்டைக்கோட்டுக் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் எழுத்து திருந்துமோ தெரியாது, எழுதுகிறதை வெறுப்பான். அவன் சொல்ல நீங்கள் எழுதுங்கள், பிறகு அதில் ஒரு வரியை மட்டும் அவன் எழுதட்டும்.

முந்தி வாசிக்கிற பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். வீட்டில் உதயன் பேப்பர் கிடக்கும், அதில் விபத்துச் செய்தியை வாசித்துவிடுவான், வாசித்ததைத் தாங்குகிற வயது இன்னும் வந்திருக்காது. இரவு பத்து மணிக்கு, "அம்மம்மா எப்ப சாவா?" என்று கேட்பான். சின்னப்பிள்ளை கதைக்கிற கதையா இது என்று வாயை அடைக்காதீர்கள். விரிவுரையும் வேண்டாம். "அம்மம்மா இப்ப சுகமாக இருக்கிறா, எல்லோரும் ஒருநாள் சாவோம், அது கனகாலம் கழித்துத்தான் வரும் என்று நினைக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அணைத்துக்கொண்டு படுங்கள். பொய் சொன்னால் இந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அடுத்த கேள்வி உங்களிடம் வராது.

அப்புறம் இந்தக் கண்காட்சி. கனடாவிலிருந்து மாமா வந்தால் போதும், பிள்ளையைக் கதிரையில் ஏற்றி உலகநாடுகளின் தலைநகரங்களைச் சொல்லவைப்பது, அதை வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்புவது, கடைசியில் நாவூறு பட்டுவிடும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவது. மாமா திரும்பிப் போய்விடுவார். தெரிந்ததைச் சொன்னால் கைதட்டுகிறார்கள் என்ற பாடம் மட்டும் பிள்ளையிடம் மிஞ்சும், அந்தப் பிள்ளை தெரியாததற்குப் பக்கத்தில் ஏன் போகும்? 1998இல் முல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், புதிர் முடித்த பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் நீ வலு கெட்டிக்காரன் என்கிற மாதிரியும் இன்னொரு பகுதியினரிடம் நன்றாக முயற்சி செய்தாய் என்கிற மாதிரியும் சொன்னார்கள். முதற் பகுதியினரில் கனபேர் அதற்குப் பிறகு சுலபமானதையே தேடினார்கள், கஷ்டமான புதிரில் சறுக்கியபோது சோர்ந்தார்கள், தங்கள் புள்ளியைக் கூட்டிச் சொன்ன பிள்ளைகளும் அவர்களில்தான் கூட. வித்தியாசம் ஒரு வசனம்தான். அதனால் வீட்டில் "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டுப் பழகுங்கள்.

ஐ.க்யூ. என்கிற நுண்ணறிவுச் சோதனை செய்விக்கலாமா என்று கேட்டு வருகிறார்கள். அதில் 130 புள்ளிக்கு மேல் என்றால் நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேர், ஆகவே எங்கள் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இப்படிச் சிலர் இருக்கிறார்கள், அதிசயப் பிறவி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் டேர்மன் என்பவர் 1921இல் தொடங்கி, சோதனை வைத்து ஏறத்தாழ 1500 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். அந்தச் சோதனையில் எடுபடாமல் போன இரண்டு பையன்கள், ஷொக்லியும் அல்வாரெசும், 1956இலும் 1968இலும் பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கினார்கள். தெரிந்தெடுத்த ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. இலக்கத்துக்கு இவ்வளவுதான் மரியாதை.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஐந்து வயது முடிந்தால்தான் தரம் 1, பழைய காலம் மாதிரி டபிள் புறமோஷன் என்று ஒரு வகுப்பைத் தாண்ட விடமாட்டார்கள். அதால் செய்ய வேண்டியதை வகுப்புக்குள்ளும் வீட்டிலும்தான் செய்யவேண்டும். ரீச்சர்மார் குறை நினைக்கக்கூடாது, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் படுகிற பாடு தெரியும். ஆனால் பத்துக் கணக்கை முதலில் முடித்த பிள்ளைக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கொடுத்தால் அது தண்டனை. இரண்டு கிழமையில் அவன் மெதுவாகச் செய்யப் பழகிவிடுவான், அல்லது பக்கத்துப் பிள்ளையை நோண்டுவான், குழப்படிக்காரன் என்று பெயர் வரும். பத்துக்குப் பதிலாக ஒன்று கொடுங்கள்: விடை 24 வருகிற மாதிரி நீயே ஐந்து கணக்குக் கட்டு என்று சொல்லுங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பிள்ளை கெட்டிக்காரன் என்று தெரிந்த அன்றே ரியூசனுக்குப் போடுகிறோம், தரம் 3இலேயே மாதிரி வினாத்தாள். ஒரு மணித்தியாலத்துக்குள் 40 கேள்விக்கு விடை போடுகிற வேகம், அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கிற சாமான். அதையே இரண்டு மூன்று வருடம் தீட்டுகிறோம். ஒரு கேள்வியோடு நாலு நாள் மல்லுக்கட்டி, விட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு எங்கே வரும்? அது வராமலே வெட்டுப்புள்ளியைத் தாண்டிப் பெரிய பள்ளிக்கூடம் போய், உயர்தரத்தில் முதல்முறையாக விளங்காத பாடம் ஒன்றைச் சந்தித்து, நான் உண்மையில் மொக்கன்தான் என்று முடிவெடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கஷ்டமான வேலைக்குக் காசு தேவையில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு ஏன் வற்றுகிறதில்லை என்று பிள்ளை கேட்டால் இராமர் அம்பு விட்ட கதையைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். இந்தா, இந்தக் கிளாசில் அரைவாசிக்கு நன்றாக உப்புக் கரைத்த தண்ணீர். அதன்மேல் பீற்றூட் சாறு கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் மெல்ல மெல்ல வார்க்கிறேன். பாருங்கள், சிவப்பு மேலே நிற்கிறது. எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழேயும் இப்படித்தான், மழை கொடுத்த நல்ல தண்ணீர் கடல் தண்ணீருக்குமேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நல்ல தண்ணீர் என்று ஒரு கணக்கும் உண்டு. இதைச் செய்துகாட்டிவிட்டு, அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு ஏன் உவர்க்கிறது என்று கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். குழாய் வைத்து உறிஞ்சட்டும், சிந்தட்டும், அடுத்த கிழமை வந்து சொல்லட்டும்.

முன்வரிசை அம்மா கேட்கிறா, தன் மகளுக்கு வகுப்பில் ஒரு சிநேகிதியும் இல்லையாம், பெரிய ஆட்களோடுதான் கதைக்கிறாளாம். அவளுடைய விருப்பத்துக்கு ஏற்ற ஆள் இன்னும் கிடைக்கவில்லை. ஒத்த வயதில்தான் தேடவேண்டும் என்றில்லை. சதுரங்கம் விளையாட பத்து வயது அக்கா, பூச்சி பிடிக்க அவளுடைய வயதுப் பெடியன், கிட்டி அடிக்க முழு ஒழுங்கையும். சனிக்கிழமை பொது நூலகச் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போய், எந்தப் புத்தகம் என்று நீங்கள் சொல்லாமல் ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கள், அங்கேயே ஒரு சிநேகிதி அகப்படலாம். அடுத்த கேள்வி யார்? பின்னால் நிற்கிற அப்பு, கேளுங்கோ.