ஹெட்செட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கூட்டம்

(உடற்கல்வி மாணவர்களும் கேம் வடிவமைப்பு மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

உடம்பைப் படிக்கிறவர்களும் கேம் செய்யப் படிக்கிறவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இன்று நான் பேசப்போகும் விஷயத்துக்கு இரண்டு தரப்பும் வேண்டும்.

கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணினி காட்டும் மெய்நிகர் உலகத்துக்குள் ஆடும் வி.ஆர். உடற்பயிற்சி கேம்களை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பிராக் நகரத்து பீட் கேம்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பீட் சேபரை நிறையப் பேர் ஆடியிருப்பீர்கள். பாட்டின் தாளத்துக்கு எதிரே பறந்து வரும் கட்டைகளை வெட்ட வேண்டும். வேகமான பாட்டு இரண்டு மூன்று ஆடினால் சட்டை நனைந்துவிடும். இப்படி ஒரு கேம் செய்கிறவருக்கு அடுத்து வரும் ஆசை, ஆடுகிறவரைச் சுற்றி ஒரு கூட்டத்தை உட்காரவைப்பது. கேலரி நிறைய ஆட்கள், கைதட்டல், ஆரவாரம். இதைச் செய்வது இன்று அவ்வளவு கஷ்டமும் இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் ஆடுகிறவரின் உடம்பையும் மனசையும் என்ன செய்கிறது என்று கேட்காமலே சேர்த்துவிடுகிறோம். அந்தக் கேள்வியைத்தான் இன்று கேட்கப்போகிறேன்.

கேள்வி பழையது. 1898-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் டிரிப்லெட் என்பவர் சைக்கிள் பந்தயப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். தனியாக ஓட்டுகிறவரைவிட, பக்கத்தில் இன்னொருவர் ஓட்டும்போது வேகம் கூடியது. பிறகு 40 பிள்ளைகளிடம் மீன்பிடி ராட்டினத்தைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். ஒருமுறை தனியாக, ஒருமுறை போட்டியாக. இந்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லும்போது ‘போட்டி வேகத்தைக் கூட்டியது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். அது பாதிக் கதை. 20 பிள்ளைகளுக்கு வேகம் கூடியது, 10 பேரிடம் பெரிய மாற்றம் இல்லை, மீதி 10 பேருக்கு வேகம் குறைந்தது. பதறிப்போய்க் கைகால் ஓடாமல் நின்ற அந்த 10 பிள்ளைகள்தான் எனக்கு முக்கியம்.

சிலருக்குக் கூடுவதும் சிலருக்குக் குறைவதும் ஏன் என்பதற்கு 1965-இல் உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் ஒரு விளக்கம் கொடுத்தார். யாராவது பக்கத்தில் இருந்தால் உடம்பு உசுப்பப்படுகிறது. அந்த நிலையில் நமக்கு எது நன்றாகப் பழகியிருக்கிறதோ அதுதான் முந்திக்கொண்டு வரும். பழகின வேலை என்றால் இன்னும் நன்றாக வரும். பழகாத வேலை என்றால் தப்புத்தான் முதலில் வரும். 1969-இல் அவரும் அவருடைய சகாக்களும் இதைக் கரப்பான் பூச்சிகளிடமே காட்டினார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு ஓடும் நேர் பாதை ஒன்று, திரும்பிப் போக வேண்டிய பாதை ஒன்று. சுற்றிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகளில் வேறு கரப்பான்கள், வேடிக்கை பார்க்க! வேடிக்கை பார்க்கும் பூச்சிகள் இருந்தபோது நேர் பாதையில் ஓட்டம் வேகமானது, திருப்பப் பாதையில் மெதுவானது.

இதை அப்படியே வி.ஆர். கேமுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே இடத்தில் நின்று குத்துவது, குந்தி எழுவது, பெடல் மிதிப்பது எல்லாம் நேர் பாதை. கூட்டம் இருந்தால் இன்னும் பத்து குத்து விழலாம். ஆனால் புதுசாக வந்தவருக்கு, கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரில் எந்த விரல் எங்கே என்பதே குழப்பம். இடது பக்கம் குனிந்து வலது கையால் வெட்ட வேண்டும் என்பது இன்னும் உடம்பில் ஏறவில்லை. அவருக்கு அது திருப்பப் பாதை. அந்த நேரத்தில் நாம் ஆயிரம் பேரை உட்காரவைத்து ஆரவாரம் போடுகிறோம்.

‘அது வெறும் கணினிப் பொம்மைதானே, அதற்கு யார் பயப்படுவார்கள்?’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. இதில் இரண்டு ஆய்வுகளை நீங்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். 2002-இல் லண்டனில் மெல் ஸ்லேட்டரும் அவருடைய சகாக்களும் மெய்நிகர் கூட்டத்தின் முன் ஆட்களைப் பேசவைத்தார்கள். ஒரு கூட்டம் தலையாட்டி ஆர்வமாகக் கேட்டது, ஒன்று அசையாமல் இருந்தது, ஒன்று கொட்டாவி விட்டு அலட்சியம் காட்டியது. இருப்பது பொம்மை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்த அலட்சியக் கூட்டத்தின் முன், வழக்கமாக மேடையில் தைரியமாகப் பேசுகிறவர்கள்கூடப் பதறினார்கள். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் கிரிஸ்டல் ஹாய்ட், ஜிம் பிளாஸ்கோவிச் குழு வேறு விதமாகக் கேட்டது. சிலருக்குப் பழகின வேலையையும் சிலருக்குப் பழகாத வேலையையும் கொடுத்தார்கள். பழகாத வேலையில், பார்த்துக்கொண்டிருப்பது நிஜ மனிதர்கள் இயக்கும் உருவங்கள் என்று நம்பியவர்களின் செயல்திறன் குறைந்தது. கணினி இயக்கும் உருவங்கள் என்று சொல்லப்பட்டவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இது. பொம்மை சும்மா உட்கார்ந்திருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அது முகம் சுளித்தால் நமக்கு வலிக்கும். அதன் பின்னால் மனிதர் இருக்கிறார் என்று நினைத்துவிட்டால், முகம் சுளிக்கக்கூட வேண்டாம். 1968-இல் உளவியலாளர் நிக்கோலஸ் காட்ரல் கண்ணைக் கட்டிய இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தபோது, அவர்களால் எந்தப் பாதிப்பும் வரவில்லை. ஒருவர் பக்கத்தில் இருப்பதைவிட, அவர் நம்மை எடைபோடுகிறாரா என்பதுதான் பெரிய விஷயம்.

கூட்டத்தால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2020 ஜூலையில் கொரோனா காரணமாக அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து ஆர்லாண்டோவில் ரசிகர்கள் இல்லாமல் நடந்தபோது, 17 அடி உயரத் திரைகளில் 300-க்கும் மேற்பட்ட ரசிகர்களை வீட்டிலிருந்தே தோன்றவைத்தார்கள். வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் ஆடுவது எவ்வளவு வறட்சியாக இருக்கும் என்று அந்த வீரர்களுக்கும் தெரியும், நடத்துகிறவர்களுக்கும் தெரியும். தேறிய ஆட்டக்காரருக்குக் கூட்டம் ஒரு தெம்பு. மூச்சு வாங்கும் நேரத்தில் கவனம் உடம்பைவிட்டு வெளியே போவதும் களைப்பைக் கொஞ்சம் மறக்கவைக்கும். இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது, உடற்கல்விக்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஹெட்செட் போட்டவருக்குத் தன் முகம் சிவந்திருப்பது தெரியாது, நாம் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினாலும் தெரியாது. அந்த நிலையில் காதுக்குள் ஆரவாரம் கேட்டால், இதய நோய் உள்ளவரோ வயதானவரோ தன் அளவைத் தாண்டிப் போய்விடக்கூடும்.

என் மனதில் அதிகமாக நிற்பது இன்னொரு விஷயம். ஜிம்முக்குப் போகக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிற எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உடம்பு பெருத்தவர்கள், நாற்பது வயசுக்கு மேல் முதல்முறையாக உடற்பயிற்சி தொடங்கும் பெண்கள், அடிபட்டுத் தேறி வருகிறவர்கள். யாராவது பார்ப்பார்களோ, சிரிப்பார்களோ என்ற ஒன்றே அவர்களைத் தடுக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்செட் போட்டால் அந்தக் கண்கள் இல்லை. வி.ஆர். இவர்களுக்குக் கொடுத்த பெரிய கொடை அந்தத் தனிமைதான். அந்தத் தனிமைக்குள் ஒரு கேலரியைக் கட்டி, தப்பாக வெட்டினால் ‘ஊ’ என்று சத்தம் போடவைப்பது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் செய்கிறவர் நன்றாக ஆடுகிறவர். அவருக்கு அந்தச் சத்தம் சுவையாக இருக்கிறது.

அதனால் கேம் செய்யப்போகிறவர்களிடம் நான் உரிமையோடு கேட்பது: கூட்டத்தை ஆடுகிறவர் அழைக்கட்டும். முதல்முறை கேமைத் திறக்கும்போது அரங்கம் காலியாக இருக்கட்டும். அசைவுகள் பழகிய பிறகு, ‘ஆட்கள் வரட்டுமா?’ என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நிஜ மனிதர்கள் பார்க்கிறார்கள் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கேலி செய்யும் கூட்டம் யாருக்காவது வேண்டுமென்றால் அவர்களே அதைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

தனியாக ஆடினால் சலித்துப் போகுமே என்றால், கூட்டத்தைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கூட ஒரு துணையைக் கொடுங்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெபோரா ஃபெல்ட்ஸ் குழு, முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தாங்கி நிற்கும் பிளாங்க் போன்ற பயிற்சிகளைத் திரையில் ஒரு கூட்டாளியோடு செய்யவைத்தது. தனியாகச் செய்தவர்களைவிட அவர்கள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். கூட்டாளி சரிசமமாக இருந்தாலோ எட்டாத உயரத்தில் இருந்தாலோ பலன் குறைவு. ஓரளவு மேலான ஆளாக இருந்தபோதுதான் பலன் அதிகம். அந்தத் துணை நம்மைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை, நம்மோடு சேர்ந்து மூச்சு வாங்குகிறது.

கடைசி வருட மாணவர்கள் புராஜெக்ட் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரே கேமை மூன்று விதமாகச் செய்யுங்கள்: காலி அரங்கம், உற்சாகப்படுத்தும் கூட்டம், கூட ஆடும் துணை. புதியவர்களையும் பழகியவர்களையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உடற்கல்வி நண்பர்கள் இதயத்துடிப்பை அளக்கட்டும், எவ்வளவு சிரமமாக இருந்தது என்று, உணரும் சிரமத்துக்கு எண் கொடுக்கும் போர்க் (Borg) அளவுகோலில் 6 முதல் 20 வரை கேட்டுக் குறிக்கட்டும். அன்றைக்கு எடுத்த ஸ்கோரோடு நிறுத்திவிடாதீர்கள். நான்காவது வாரத்தில் யார் யார் தானாகவே மறுபடி ஹெட்செட்டை எடுத்து மாட்டினார்கள் என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கு கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.