பணம் கொடுக்கும் ஆண்: தெரிந்தும் பாராமல் இருப்பது

அனைவருக்கும் வணக்கம்.

பாலியல் தொழிலைப் பற்றிப் பேசக் கூடும்போதெல்லாம் நம் பேச்சு பெண்களைச் சுற்றியே ஓடுகிறது. ஏன் வந்தாள், யார் கொண்டுவந்தார்கள், எப்படி மீட்பது, அவளுக்கு என்ன பரிசோதனை செய்வது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். காசை நீட்டும் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை. இன்று அந்த ஆளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். காசு கொடுத்து ஆண்களிடமும் திருநங்கையரிடமும் போகிறவர்கள் உண்டு. நான் சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

இங்கே இருப்பவர்கள் ஆலோசகர்கள், பால்வினை நோய் மருத்துவமனைகளில் வேலை செய்பவர்கள், சமூகப் பணியாளர்கள். அந்த ஆண் உங்கள் எதிரில் வந்து உட்காருவார். அவரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பது தெரியாமல்தான் பல நேரம் வாய்ப்பை நழுவ விடுகிறோம்.

முதலில் எண்ணிக்கை. 1948இல் பாலியல் நடத்தையை ஆராய்ந்த கின்சியும் அவர் குழுவினரும் அமெரிக்க வெள்ளை ஆண்களில் 69 விழுக்காட்டினர் ஒரு முறையாவது பாலியல் தொழிலாளியிடம் போனவர்கள் என்று எழுதினார்கள். அந்த எண் உலகம் முழுக்கச் சுற்றியது. ஆனால் அது குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து எடுத்த கணக்கு அன்று. சிறைக்கைதிகள் அதில் அளவுக்கு மீறி இருந்தார்கள். அமெரிக்காவின் நாடு தழுவிய முறையான கணக்கெடுப்புகளை எடுத்து மான்டோ, மில்ராட் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் பார்த்தபோது, வாழ்நாளில் ஒரு முறையாவது காசு கொடுத்தவர்கள் சுமார் 14 விழுக்காடு. கடந்த ஓராண்டில் கொடுத்தவர்கள் சுமார் 1 விழுக்காடு. பிரிட்டனில் 2010 முதல் 2012 வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வாழ்நாள் கணக்கு 11 விழுக்காடு, கடந்த ஐந்தாண்டுக் கணக்கு 3.6.

14க்கும் 1க்கும் இடையே எவ்வளவு தூரம் பாருங்கள். இளவயதில் நண்பர்கள் இழுத்துப்போக ஒரே தடவை போய்வந்தவரும், மாதாமாதம் போகிறவரும் 'வாழ்நாளில் ஒரு முறை' என்ற கேள்வியில் ஒன்றாகிவிடுகிறார்கள். நோய்த் தடுப்புக்கும் சரி, கட்டாயத்துக்கு ஆளான பெண்களைக் காப்பதற்கும் சரி, நமக்கு வேண்டியவர் இரண்டாமவர். யாராவது ஒரு விழுக்காட்டை மேடையில் வீசினால், எத்தனை காலத்துக்கான கணக்கு என்று உடனே கேளுங்கள்.

இன்னொரு சிக்கல், ஆண்கள் ஒளிப்பது. சுவீடன் 1999 ஜனவரி 1 முதல் காசு கொடுப்பதைக் குற்றமாக்கியது. விற்பவர்மேல் குற்றம் இல்லை. 1996இல் எடுத்த கணக்கில் வாழ்நாளில் காசு கொடுத்த ஆண்கள் 13 விழுக்காட்டை ஒட்டி இருந்தார்கள். 2008இல் அது 8ஐ ஒட்டி வந்தது. சட்டத்தின் வெற்றி என்று பலர் எழுதினார்கள். ஒரு நிமிடம் யோசியுங்கள். வாழ்நாளில் ஒரு முறை செய்தது செய்ததுதான். பன்னிரண்டு ஆண்டில் அழிந்துபோகாது. முதியவர்கள் இறந்து இளையவர்கள் சேர்ந்தாலும் இவ்வளவு வேகமாக இறங்க வழியில்லை. இரண்டு கணக்கெடுப்பின் முறைகளும் வேறு என்பது ஒரு காரணம். குற்றமான பிறகு வாய் திறக்கத் தயங்கியது இன்னொரு காரணமாக இருக்க வேண்டும். சட்டம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பயனை இந்த எண்ணால் அளக்க முடியாது என்கிறேன்.

அதனால்தான் கேட்கும் விதம் முக்கியம். 'பாலியல் தொழிலாளியிடம் போனதுண்டா?' என்று கேட்டால், மசாஜ் நிலையத்தில் கூடுதல் காசு கொடுத்தவர் இல்லை என்பார். விடுதி அறைக்கு வரவழைத்தவர் அவளைத் தோழி என்பார். செல்போன் வாங்கிக் கொடுத்தவர், வாடகை கட்டியவர் எவரும் தன்னை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார். 'பணமோ பொருளோ கொடுத்து யாருடனாவது உறவு வைத்தது கடைசியாக எப்போது?' என்று கேளுங்கள். எப்போது என்று கேட்கும்போதே, அது நடக்கக்கூடியதுதான், நான் அதிர்ச்சி அடையமாட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறீர்கள். பயணத்தைத் தனியாகக் கேளுங்கள். அந்த பிரிட்டன் கணக்கெடுப்பில், ஐந்தாண்டுக்குள் காசு கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் கொடுத்திருந்தார்கள். ஊரில் ஒரு ஒழுங்கு, வெளியூரில் வேறு ஒழுங்கு என்று வைத்திருப்பவர்கள் ஏராளம். மனைவி பக்கத்தில் இருக்கும்போது இதில் எதையும் கேட்கக் கூடாது. முடிந்தால் வாயால் சொல்லவைக்காமல் திரையிலோ தாளிலோ தானே குறிக்கவிடுங்கள்.

இவர்கள் எப்படிப்பட்ட ஆண்கள்? தனிரகம் என்று ஒன்று இல்லை. மணமானவர், ஆகாதவர், படித்தவர், படிக்காதவர் எல்லாரும் உண்டு. மேலே சொன்ன மான்டோ, மில்ராட் ஆய்வும் ஓரிரு தடவை போனவர்களுக்கும் மற்ற ஆண்களுக்கும் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. சமூகவியலாளர் டீலா சாண்டர்ஸ் பிரிட்டனில் 50 ஆண்களிடம் விரிவாகப் பேசினார். பேச்சு, பரிவு, ஒரே பெண்ணிடம் திரும்பத் திரும்பப் போகும் பழக்கம் ஆகியவை அவர்களிடம் தெரிந்தன. உளவியலாளர் மெலிசா ஃபார்லியும் உடன் பணியாற்றியவர்களும் லண்டனில் 103 ஆண்களிடம் பேசி 2009இல் வெளியிட்டது வேறு சித்திரம்: அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் ஏமாற்றப்பட்டோ கடத்தப்பட்டோ வந்தவர்கள் என்றே நம்பினார்கள். நம்பிக்கொண்டே போனார்கள்.

இந்த இரண்டு சித்திரத்துக்கும் ஆதரவான அணிகள் உண்டு; ஒன்று மற்றதன் ஆய்வைக் குறை சொல்கிறது. இரண்டுமே தாமாக முன்வந்து பேசிய ஆண்களைக் கொண்டவை. நாட்டின் எல்லா ஆண்களுக்கும் அதை நீட்டக்கூடாது. ஆனால் இரண்டு சித்திரமும் ஒரே ஆளிடம் பொருந்தும் என்பதை நாம் பார்க்கத் தவறுகிறோம். பரிவை நாடிப் போகிறவரும் தனக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் போகிறார். சொல்லப்போனால், 'அவளுக்கு என்னைப் பிடிக்கும்' என்று உறுதியாக நம்பும் பழைய ஆளுக்குத்தான் அவள் முகம் சுளிப்பது கடைசியாகத் தெரிகிறது.

இந்த இடம்தான் இன்று நான் சொல்ல வந்தது. இந்த ஆண்களுக்குத் தகவல் இல்லை என்று நினைத்து நாம் தகவலைக் கொட்டுகிறோம். அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைத் தன் செயலோடு சேர்க்காமல் பிரித்து வைப்பதில்தான் அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

1957இல் சைக்ஸ், மாட்ஸா என்ற இரு சமூகவியலாளர்கள், தவறு செய்யும் இளைஞர்கள் தம் மனசாட்சியை எப்படிச் சமாதானம் செய்கிறார்கள் என்று ஐந்து வழிகளைச் சொன்னார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிப்பது, தீங்கே இல்லை என்பது, பாதிக்கப்பட்டவரே இல்லை என்பது, கேட்பவரைத் திருப்பித் தாக்குவது, வேறு பெரிய கடமையைக் காட்டுவது. ஆலோசனை அறையில் ஐந்தையும் கேட்பீர்கள். 'குடித்திருந்தேன்', 'காசு கொடுத்தேனே, அவளுக்கு லாபம்தானே', 'அவளே வந்தாள்', 'எல்லாரும் யோக்கியமா?', 'நண்பன் கல்யாணத்துக்கு முந்தின நாள், வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?' இவற்றோடு வாதாடாதீர்கள். வாதாடினால் அவர் அந்த வாக்கியத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். கடைசியாகப் போன நாளுக்கு அழைத்துப் போங்கள். போனை எடுத்தது யார்? காசை வாங்கியது யார்? கதவு உள்ளே பூட்டியிருந்ததா, வெளியிலா? எந்த ஊரில் இருக்கிறோம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்ததா? வேண்டாம் என்று ஏதாவது ஒன்றுக்கு அவளால் சொல்ல முடிந்ததா, சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? தன் வாயாலேயே விவரம் வரும்போது சமாதானம் தானே தளரும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ஒரு சட்டம் இந்த இடத்தைக் குறிவைத்தது. மூன்றாம் ஆள் ஒருவரின் வற்புறுத்தலுக்கோ ஏமாற்றுக்கோ ஆளானவரிடம் காசு கொடுத்து உறவு வைத்தால் குற்றம். 'எனக்குத் தெரியாது' என்பது தப்பிக்க வழியாகாது. எண்ணம் சரியானது. ஆனால் வற்புறுத்தல் நடந்ததை அரசுத்தரப்பு நிரூபிக்க வேண்டும். அதற்கு அந்தப் பெண் முன்வந்து பேச வேண்டும். அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது, வழக்குகள் சொற்பமே.

இனி ஆணுறை. அறைக்குள் நடக்கும் பேரத்தில் இதுதான் மையம். ஆணுறை இல்லாமல் என்றால் கூடுதல் காசு தருகிறேன் என்பது எங்கும் கேட்கும் பேச்சு. அன்றைய வாடகை வந்துசேராத பெண்ணிடம் அந்தக் கூடுதல் காசு என்ன செய்யும் என்று காசு வைத்திருப்பவருக்கு நன்றாகவே தெரியும். ஒத்துக்கொண்டபின் நடுவில் கழற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது வன்முறை. நியூசிலாந்தில் ஒரு பாலியல் தொழிலாளியிடம் அப்படிச் செய்த ஆளுக்கு 2021இல் 3 ஆண்டு 9 மாதச் சிறை விதித்தார்கள்.

பெண்ணுக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுப்பதோடு நின்றால் பாதி வேலைதான். தாய்லாந்தைப் பாருங்கள். 1989இல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி 1991இல் நாடு முழுக்கக் கொண்டுபோன திட்டம் எளிமையானது: மாகாணத்தின் எல்லாப் பாலியல் தொழில் விடுதிகளிலும் ஒரே விதி, ஆணுறை இல்லையேல் இடமில்லை. ஒரு விடுதி மட்டும் அந்த விதியை வைத்தால் ஆள் அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். எல்லாம் சேர்ந்தால் போக இடமில்லை. பால்வினை நோயோடு வந்த ஆணிடம் எந்த விடுதிக்குப் போனீர்கள் என்று கேட்டு, அந்த விடுதியைச் சரிபார்த்தார்கள். இத்தகைய உறவில் ஆணுறைப் பயன்பாடு 1989இல் சுமார் 14 விழுக்காடாக இருந்தது. 1990களின் தொடக்கத்திலேயே 90ஐத் தாண்டியது. அந்த ஆண்களின் மனம் இரண்டு மூன்று ஆண்டில் மாறிவிடவில்லை. மறுப்பு சொல்லும் சுமை ஒற்றைப் பெண்ணின் தோளிலிருந்து இறங்கியது, அவ்வளவுதான். குறையும் இருந்தது. மருத்துவச் சோதனையும் காவல்துறைக் கெடுபிடியும் பெண்கள் மேல் விழுந்தன.

உங்கள் எதிரில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டிய நடைமுறை விவரங்களும் உண்டு. எண்ணெயும் வாசலினும் ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும்; தண்ணீர் அல்லது சிலிக்கான் சார்ந்த வழுவழுப்பான்தான் சரி. இரண்டு உறை ஒன்றின்மேல் ஒன்று வேண்டாம். பிறகு கிருமிநாசினி போட்டுக் கழுவுவதும், வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை விழுங்குவதும் காப்பாற்றாது. அறிகுறியை மறைத்துச் சிகிச்சையைக் கெடுக்கும். உறை கிழிந்தாலோ போடாமல் இருந்தாலோ, எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மறுநாளே ரத்தம் கொடுத்து 'ஒன்றுமில்லை' என்ற தாளோடு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அந்தத் தாள் அன்றைய உறவைப் பற்றி எதையும் சொல்லாது. ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை (புதிய வகை) எச்ஐவி சோதனைக்கு 45 நாள், விரல்நுனியில் குத்தும் சோதனைக்கு 90 நாள் கழிய வேண்டும். தடுப்பு மருந்து சாப்பிட்டவருக்கு அந்த நாட்கள் மருந்து முடிந்தபின் தொடங்கும். சிபிலிசுக்கு 12 வாரம், வெட்டை நோய்க்கும் கிளமிடியாவுக்கும் 2 வாரம். அதுவரை மனைவியோடு ஆணுறை இல்லாமல் உறவு கூடாது. அவரிடம் எப்படிச் சொல்வது என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்யுங்கள். 'சொல்லிவிடுங்கள்' என்று அனுப்பினால் சொல்லமாட்டார்.

கடைசியாக, சில ஆண்கள் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்வார்கள்: அந்தப் பெண்ணை யாரோ அடைத்து வைத்திருப்பதுபோல் இருந்தது, ரொம்பச் சின்ன வயது போல் இருந்தது என்று. லண்டனில் பேசிய 103 பேரில் காவல்துறையிடம் சந்தேகத்தைச் சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். தாமே மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அந்த நேரத்தில் அவர் குற்றத்தை அலசத் தொடங்காதீர்கள். அன்றே, அந்த இடத்திலேயே, முகவரி, நேரம், தொலைபேசி எண், காசு வாங்கியவரின் அடையாளம், பெண் பேசிய மொழி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். மீட்கிறேன் என்று அவர் திரும்பிப் போகக் கூடாது, தரகரிடம் விசாரிக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. மூன்றுமே அந்தப் பெண்ணுக்கு அடியாக விழும், அல்லது இரவோடு இரவாக வேறிடம் மாற்றிவிடுவார்கள். பெயர் சொல்லாமல் புகார் தர வழி இருந்தால் அதைக் காட்டுங்கள். குழந்தை என்ற சந்தேகம் இருந்தால், அவர் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நீங்களே உரியவர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டியிருக்கும். அதை உரையாடலின் தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் வாய் திறக்கும் முன்பே.