சூரியன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல்

நண்பர்களே, முதலில் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறேன்: 11. சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள் பெருகிக் குறைந்து அடுத்த சுற்றைத் தொடங்க ஏறக்குறைய 11 ஆண்டு ஆகிறது. காந்தத் துருவங்கள் இடம் மாறி, மறுபடி பழையபடி ஆக 22 ஆண்டு.

இப்போது சோஹோவை எண்ணிப் பாருங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து சூரியனைக் கவனிக்க 1995 டிசம்பர் 2 அன்று ஏவிய விண்கலம். அதற்கு விதித்த ஆயுள் 2 ஆண்டுதான். அது போய்ச் சேர்ந்ததோ சூரியன் அடங்கிக் கிடந்த நேரம். 2 ஆண்டோடு நிறுத்தியிருந்தால், தூங்குகிறவரை மட்டும் பார்த்துவிட்டு அவர் சுபாவத்தை எழுதிய கதையாகியிருக்கும்.

பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது சோஹோ. அங்கே இரவு இல்லை, மேகம் இல்லை.

அந்தக் கண்ணும் ஒருமுறை மூடிக்கொண்டது. 1998 ஜூனில் தொடர்பு அறுந்தது. விண்கலம் தாறுமாறாகச் சுழன்றது. சூரியத் தகடுகளில் வெயில் விழவில்லை, மின்சாரம் போயிற்று, எரிபொருளான ஹைட்ரசீன் உறைந்தது. ஜூலை 23 அன்று புவெர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் 305 மீட்டர் தட்டிலிருந்து ரேடார் அலையை அனுப்பி, கலிபோர்னியாவில் நாசாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனா நிலையத்தில் எதிரொலியைப் பிடித்தார்கள். இருக்கிறது, மெதுவாகச் சுழல்கிறது! சூரியனைச் சுற்றி நகர நகர, தகடுகள் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் பட்டது. ஆகஸ்ட் 3 அன்று மெல்லிய சமிக்ஞை வந்தது. அப்புறம் மின்கலத்தை ஏற்றி, எரிபொருளை இளக்கி, செப்டம்பரில் சூரியனை நோக்கித் திருப்பினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஓர் இயந்திரத்துக்காக ஏன் இவ்வளவு பாடு? சூரியன் தரும் மொத்த ஆற்றல் ஓர் 11 ஆண்டுச் சுற்றுக்குள் சுமார் 0.1 சதவீதம்தான் ஏறி இறங்குகிறது. 1978 முதல் விண்வெளியிலிருந்து இதை அளந்து வருகிறோம். பழைய கருவிகள் சதுர மீட்டருக்கு 1365 வாட்டை ஒட்டிக் காட்டின. 2003இல் போன சோர்ஸ் என்ற நாசா விண்கலம் 1361 காட்டியது. சூரியன் குறையவில்லை, கருவிதான் வேறு. அந்த வேறுபாடே நாம் தேடும் 0.1 சதவீதத்தைவிடப் பெரியது! பழையதும் புதியதும் சில காலம் ஒரே சூரியனைச் சேர்ந்து பார்த்தால்தான் இரண்டு அளவையும் முடிச்சுப் போட முடியும். நடுவில் இடைவெளி விழுந்தால், பிறகு எவ்வளவு நல்ல கருவியை அனுப்பினாலும் அந்த முடிச்சை நிச்சயமாகப் போட முடியாது.

சோஹோவின் படங்களில் கிடைத்த வால்மீன்கள் 2024 மார்ச்சில் 5000ஐத் தொட்டன. அதற்காக அனுப்பிய கலமே அல்ல அது. சரி, அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆண்டு ஜூனில் நடந்தது. சூரியனின் முகத்தை மறைத்து அதன் ஒளிவட்டத்தைப் படம் பிடிக்கும் புதிய கருவியோடு கோஸ்-19 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அப்போது, அதே வகைப் படங்களை எடுத்துவந்த சோஹோவும் வேலையில் இருந்தது.